பட்டா இல்லாத கையில் வரைபடம் எதற்கு?

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்" என்பது பழமொழி. கச்சிராயபாளையம் கூட்டுறவுச் சர்க்கரை ஆலையிலே உழைக்கும் தோழனைக் கேட்டால், "அனுமதி வாங்கிப் பார்" என்று மூன்றாவதாக ஒன்றையும் சேர்ப்பான். மகனுக்கு மணமாயிற்று, மாடியில் ஓர் அறை வேண்டும். செங்கல் வந்தது, மணல் வந்தது, கொத்தனாரும் வந்துவிட்டார். வராதது வரைபட அனுமதி ஒன்றுதான்!

சுண்ணாம்பு அடிக்கவும், உதிர்ந்த சுவரைப் பூசவும், உடைந்த ஓட்டை மாற்றவும் அனுமதி தேவையில்லை என்று 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் கூறுகின்றன. புதிய அறை, புதிய மாடி என்றால் அனுமதி வேண்டும். இந்தச் சிறு செய்தி தெரியாமல் எத்தனை பேர் தரகனின் திண்ணையிலே காத்துக் கிடக்கிறார்கள்! அறியாமை எனும் ஈரம் இருக்குமிடத்திலேதான் தரகன் எனும் காளான் முளைக்கிறது.

"என் மனை, என் பணம், என் வீடு, இதிலே சட்டத்திற்கு என்ன வேலை?" என்று கேட்போரும் உண்டு. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்துப் பள்ளியிலே கூரை தீப்பற்றி 94 பிஞ்சுகள் கருகியதை மறக்க முடியுமா? 2014 ஜூன் 28 அன்று சென்னை மவுலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் மாண்டனர். மாண்டவர் யார்? மாளிகை வாங்க முன்பணம் கட்டிய சீமான்களா? பெரும்பாலோர் கல்லும் கலவையும் சுமந்த கூலித் தோழர்கள்! அந்தக் கட்டடத்திற்கு அனுமதித் தாள் இருந்தது. தாள் இருந்தும் உயிர் போயிற்று. ஆகவே தாளும் வேண்டும். தூணும் அடித்தளமும் சரியா என்று பார்க்கும் கண்ணும் வேண்டும்.

2024 ஜூலை 22 அன்று சுயசான்றுத் திட்டம் தொடங்கப்பட்டது. 2,500 சதுர அடிக்குட்பட்ட மனையிலே, 3,500 சதுர அடிக்குள், தரைத்தளமோ அதன்மேல் ஒரு மாடியோ கட்டுகிறவர், தாமே சான்றளித்து இணையவழியில் அனுமதி பெறலாம். பரிசீலனைக் கட்டணம் இல்லை என்று அறிவிக்கப்பட்டது. உழைப்பவன் சொல்லை நம்பும் இந்த ஏற்பாட்டை வரவேற்கிறோம். நம்பப்படுகிறவனுக்கும் பொறுப்பு உண்டல்லவா? மனையடி சாஸ்திரக்காரனிடம் ஓடி, "எத்தனை அடி வைத்தால் செல்வம் சேரும்?" என்று கேட்கும் தோழனே, பக்கத்து வீட்டுக்குக் காற்றும் வெளிச்சமும் போக எத்தனை அடி விடவேண்டும் என்று விதியைப் படித்தாயா? முன்னது மூடநம்பிக்கை, பின்னது மனிதப் பண்பு.

சமவெளித் தோழனுக்காவது இந்தக் கதவு திறந்தது. 2019 நவம்பர் 26 முதல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டம். அதன் மேற்கே கல்வராயன் மலை. 1976 வரை ஜாகீர்தாரர்களின் பிடியிலே கிடந்த மண். அங்கே மண்சுவரும் புல்கூரையுமாக வாழும் மலையாளிப் பழங்குடித் தோழன் விண்ணப்பத்தை நீட்டினால், முதற்கேள்வி, "பட்டா எங்கே?" 2024-இல் அறிவிக்கப்பட்ட கனவு இல்லத் திட்டம் 360 சதுர அடி வீட்டிற்கு 3.5 லட்சம் ரூபாய் தருவதாகச் சொல்லிற்று. அங்கும் மனை சொந்தமாக இருக்கவேண்டும். பாட்டன் உழுத மண், தந்தை புதைந்த மண், தாள் ஒன்று இல்லாததால் அந்நியமாகிவிடுமா?

இரக்கம் காட்டுங்கள் என்று நாம் கேட்கவில்லை. இருக்கும் சட்டத்தைக் காட்டுகிறோம். 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே வன நிலத்தில் வாழ்ந்து பயிரிடும் பழங்குடிக் குடும்பத்திற்கு, 4 ஹெக்டேர் வரை, குடியிருக்கவும் உழவும் உரிமை தருகிறது. அந்த உரிமைக் கோரிக்கையின் முதற்படி கிராம சபை. 2024-இல் கள்ளச்சாராயம் கள்ளக்குறிச்சியிலே அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்த பிறகுதான், உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து மலைமக்களின் வாழ்வைப் பற்றி விசாரித்தது. பிணம் விழுந்தால்தான் மலைப்பக்கம் பார்வை திரும்பும் என்பது நாட்டுக்கு அழகா?

அதிகாரிகளுக்குச் சொல்கிறோம்: விண்ணப்பம் மலையிறங்கி வரும்வரை காத்திராதீர். நில அளவையரும் வருவாய்த் துறையும் வனத்துறையும் ஒரே நாளில், ஒரே மேசையில், வெள்ளிமலையிலும் கரியாலூரிலும் உட்காரட்டும். தள்ளப்படும் மனுவுக்குக் காரணத்தைத் தமிழிலே, புரியும்படி எழுதிக் கொடுக்கட்டும்.

தோழர்களே! உங்களுக்கும் வேலை உண்டு. ஒவ்வொரு படிப்பகத்திலும் இந்த விதிகளை எழுதி ஒட்டுங்கள். எழுதத் தெரிந்தவன் தெரியாதவனுக்கு விண்ணப்பம் எழுதட்டும். காசு வாங்காமல் எழுதட்டும். கிராம சபை நாளிலே முன்வரிசையில் அமருங்கள். ஊருக்கெல்லாம் வீடு கட்டித் தரும் உழைப்பாளி, தன் வீட்டுக்கு ஓர் அறை சேர்க்க ஊரெல்லாம் அலையும் நிலை ஒழியட்டும்!