சேஷாசலத் தேவாங்கும் இரவல் பெயரும்

சேஷாசல மலைகளிலும் சித்தூரின் வறண்ட காடுகளிலும் வாழும் தேவாங்கை ‘லோரிஸ் டார்டிகிராடஸ்’ என்று எழுதும் வழக்கம் ஆய்வேடுகளில் இன்னும் ஓயவில்லை. அப்பெயர் 1758-இல் லின்னேயஸ் இலங்கை விலங்குக்கு இட்டது. சித்தூர்ப் பக்கத்துத் தேவாங்குக்குரிய பெயர் ‘லோரிஸ் லிடெக்கேரியானஸ்’. சென்னையிலிருந்து கிடைத்த மாதிரியைக் கொண்டு 1908-இல் ஸ்பானிய விலங்கியலார் ஆங்கெல் காப்ரெரா அதை இட்டார். (இவரே பின்னாளில் அர்ஜென்டினாவில் குடியேறித் தென் அமெரிக்கப் பாலூட்டிகளின் பெரும்பட்டியலைத் தொகுத்தவர். ஒன்றையொன்று ஒத்த சின்னஞ்சிறு ஒப்போசங்களைப் பிரித்தறியும் தலைவலியும் அப்பட்டியலுள் அடங்கும்.)

இடையில் நெடுங்காலம் இரண்டும் ஒரே சிற்றினமாகக் கருதப்பட்டன. 1998-இல் காலின் குரோவ்ஸ் அவற்றை மீண்டும் பிரித்தார். எனவே அதற்கு முந்தைய நூல்களில் ‘டார்டிகிராடஸ்’ என்றிருந்தால் அது பிழையன்று, அக்கால வழக்கு. இன்றைய ஆய்வாளர் அதை அப்படியே பெயர்த்தெழுதுவதுதான் பிழை. மேற்கோள் காட்டுபவர் மூலத்தின் ஆண்டைப் பார்ப்பதில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

‘இலங்கையில் சிவப்பு, இந்தியாவில் சாம்பல்’ என்ற எளிய விடை அடுத்த பொறி. பாக் நீரிணை இங்கே எல்லைக்கோடு அன்று. டார்டிகிராடஸ் இலங்கையின் தென்மேற்கு ஈரவலயத்துக்கு உரியது. அத்தீவின் வறண்ட வடபகுதியில் வாழ்வது லிடெக்கேரியானஸின் துணைச் சிற்றினமே. இந்தியாவிலும் சாம்பல் மட்டும் இல்லை. குடகின் குட்டாவிலிருந்து 1917-இல் ராட்டன் விவரித்த ‘மலபாரிகஸ்’ உருவில் சிறியது, செம்மை படர்ந்தது. நிறத்தை மட்டும் நம்புபவர் மேற்குத் தொடர்ச்சி மலைத் தேவாங்கைக் கொழும்புக்கு அனுப்பிவிடுவார்.

அப்படியானால் சித்தூர்த் தேவாங்கு எந்தத் துணைச் சிற்றினம்? வரைபடத்தைப் பார்த்து ‘மைசூர் வகை’ என்று எழுதிவிடுகிறார்கள். அவ்விடை சரியாகவே இருக்கக்கூடும். ஆனால் அது கண்டறியப்பட்டதன்று, ஊகிக்கப்பட்டது. குப்பத்தைச் சுற்றித் தெலுங்கும் தமிழும் கன்னடமும் கலந்து புழங்குகின்றன. மாவட்ட எல்லையைக் கொண்டு ஒரு சிற்றூரின் பேச்சுவழக்கைத் தீர்மானிக்கும் ஆய்வேட்டை எந்த மொழியியல் தேர்வாளரும் ஏற்கமாட்டார். விலங்கியலில் மட்டும் அது எப்படி ஏற்புடையதாகிறது?

‘பெயர் எதுவானால் என்ன, 1972-ஆம் ஆண்டுச் சட்டம் தேவாங்கைக் காக்கிறதே’ என்பர். சட்டம் காக்கிறது, உண்மை. ஆனால் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் டார்டிகிராடஸை ‘அழியும் நிலையில் உள்ளது’ என்றும், லிடெக்கேரியானஸை ‘அச்சுறு நிலையை அண்மித்தது’ என்றும் தனித்தனியே மதிப்பிட்டுள்ளது. சேஷாசலத்தில் எடுத்த கணக்கை இலங்கைப் பெயரில் பதிந்தால், அங்கே இல்லாத விலங்கு இருப்பதாகவும் இங்கே இருக்கும் விலங்கு இல்லாததாகவும் தரவு திரியும். மாந்திரீகத்துக்காகத் தேவாங்கைப் பிடிப்போர் பெயர் பார்ப்பதில்லை. எங்கே எத்தனை எஞ்சியுள்ளன என்று கேட்கும் வனத்துறை பெயரைத்தான் பார்க்கும்.

இத்தனைக்கும் ஊர்ப் பெயர்களைத்தான் ‘அறிவியலுக்கு ஒவ்வாதவை’ என்று படித்தவர்கள் எள்ளுகிறார்கள். தெலுங்கில் ‘தேவாங்க பில்லி’. பில்லி என்றால் பூனை, விலங்கோ பூனையன்று. கன்னடத்தில் ‘காடுபாப’, காட்டுக் குழந்தை. தமிழில் ‘தேவாங்கு’ மெலிந்தவனைத் திட்டும் சொல்லாகவும் ஆகிவிட்டது. ஆயினும் இவற்றுள் எதுவும் சிற்றினத்தைப் பிரித்துக் காட்டுவதாக உரிமை கோரவில்லை. இலத்தீன் பெயர் அவ்வுரிமையைக் கோருகிறது. எழுதுபவர் அதற்குக் கணக்குச் சொல்லியாக வேண்டும். இறந்து கிடைத்த தேவாங்கானால் எடை, மண்டையோட்டு அளவு, திசு மாதிரி. உயிருள்ளதானால் கண்ட இடம், முகத்தின் பட்டை, இரவில் அது எழுப்பும் சீழ்க்கையொலியின் பதிவு. இவற்றுள் ஒன்றுமே கையில் இல்லாதவர் ‘லோரிஸ், துணைச் சிற்றினம் உறுதி செய்யப்படவில்லை’ என்று எழுதலாம். ஆய்வேட்டில் அதற்கு ஒரு வரி போதும்.