ஆயில் இன்ஜின் ஸ்டார்ட் ஆகவில்லையா? பிரிக்கும் முன் இதைப் பாருங்கள்

கேள்வி: கண்மாய்ப் பாசனத்தில் 2 ஏக்கர் நெல் பொதிப் பருவத்தில் நிற்கிறது. கண்மாய்த் தண்ணீர் மடைக்குக் கீழே இறங்கிவிட்டது. மழைக்காலம் முழுக்க ஓடாமல் கிடந்த 5 குதிரைத்திறன் டீசல் இன்ஜின் எவ்வளவு சுற்றியும் ஸ்டார்ட் ஆகவில்லை. ராஜபாளையத்திலிருந்து மெக்கானிக் வர 2 நாள் ஆகுமாம். அதற்குள் என்ன செய்யலாம்?
– வாசகர், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டம்

பதில்: பொதிப் பருவத்திலும் பூக்கும் பருவத்திலும் தண்ணீர் குறைந்தால் நெல்லில் பதர் கூடும். எனவே 2 நாள் காத்திருப்பதும் நஷ்டம்தான். ஆனால் மாதக்கணக்கில் சும்மா கிடந்த இன்ஜினில் பெரும்பாலும் எதுவும் உடைந்திருக்காது. டீசல் வரும் வழியில் காற்றோ தண்ணீரோ நின்றிருக்கும். இரண்டு ஸ்பானர் இருந்தால் வயலிலேயே சரிசெய்யலாம்.

டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. சிலிண்டருக்குள் போகும் காற்று ஏறத்தாழ 16 முதல் 18 மடங்கு இறுக்கப்பட்டுக் கடுமையாகச் சூடாகும். அந்தச் சூட்டில் நாசில் தெளிக்கும் டீசல் தானே பற்றும். ஆகவே டீசல், காற்று, அமுக்கம் என்ற மூன்றை மட்டும் வரிசையாகப் பார்த்தால் போதும்.

முதலில் ஹேண்டிலைச் சுற்றும்போது சைலன்சரைக் கவனிக்க வேண்டும். புகையே இல்லை என்றால் டீசல் உள்ளே போகவில்லை. வெள்ளைப் புகை வந்தால் டீசல் போகிறது, ஆனால் பற்றவில்லை.

டீசல்: நிறுத்தும் லிவர் ஓடும் நிலையில் உள்ளதா என்று பார்க்கவும். அரை டாங்க் டீசலோடு கிடந்தால் உள்ளே ஈரம் படிந்து தண்ணீராகி அடியில் தங்கும். டாங்க், ஃபில்டர் இரண்டின் அடித் திருகையும் திறந்து தண்ணீரை வடிக்க வேண்டும். டாங்க் மூடியின் சிறு துளை அடைத்திருந்தாலும் டீசல் இறங்காது.

ஏர் எடுத்தல்: ஃபில்டரின் மேல் உள்ள ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்தினால் குமிழியோடு டீசல் வரும். குமிழி நின்றதும் முடுக்கவும். அடுத்து டீசல் பம்பிலும் அப்படியே செய்யவும். கடைசியாக நாசில் பக்க நட்டைச் சற்றுத் தளர்த்தி, டீகம்ப்ரஷன் லிவரைத் தூக்கி, மெதுவாகச் சுற்றவும். டீசல் கசிந்ததும் முடுக்கவும். அங்கே விரலை வைக்கக் கூடாது. பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். காற்று நீங்கியிருந்தால், சுற்றும்போது நாசிலில் 'கிர்க், கிர்க்' என்ற சத்தம் கேட்கும்.

காற்று: ஏர் கிளீனரையும் சைலன்சர் வாயையும் பார்க்கவும். கிடையில் இருந்த இன்ஜினில் குளவி கூடு கட்டியிருப்பது உண்டு.

அமுக்கம்: நிறுத்தும் லிவரை மூடி, டீகம்ப்ரஷன் லிவரை இறக்கி, ஃப்ளைவீலைக் கையால் மெதுவாகத் திருப்பவும். ஓரிடத்தில் அது எதிர்த்துத் தள்ள வேண்டும். தடையில்லாமல் சுற்றினால் வால்வு சரியாக உட்காரவில்லை, அல்லது ரிங் ஒட்டியிருக்கிறது. இதற்குத்தான் மெக்கானிக் வேண்டும்.

ஸ்டார்ட் செய்யும்போது பெல்ட்டைக் கழற்றிவிடலாம். ஹேண்டிலைப் பிடிக்கையில் கட்டைவிரலும் மற்ற விரல்களின் பக்கமே இருக்க வேண்டும். ஹேண்டில் திருப்பி அடித்தால் விரல் தப்பும். தோளில் துண்டு கூடாது. காற்று போகும் வழியில் பெட்ரோல் ஊற்றுவதும், தீத்துணி காட்டுவதும் ஆபத்து.

கிணற்றுப் பாசனக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. மேலே இருக்கும் பம்ப் நடைமுறையில் 6, 7 மீட்டருக்கு மேல் உறிஞ்சாது என்பதால் சிலர் இன்ஜினைக் கிணற்றுக்குள் இறக்கி ஓட்டுகிறார்கள். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. கிணற்றுக்குள் தேங்கி ஆளை மயக்கிக் கொல்லும். மயங்கியவரைத் தூக்கப் பதறி இறங்குபவரும் உயிரோடு திரும்பாமல் போகலாம். யாரும் இறங்காமல் உடனே தீயணைப்புத் துறைக்கு 101 அல்லது 112-ல் சொல்ல வேண்டும். இன்ஜின் எப்போதும் மேலேதான் இருக்க வேண்டும்.

இனி வேலையில்லாத மாதங்களிலும் டாங்கை நிரப்பி வைத்து, 15 நாளுக்கு ஒரு முறை 10 நிமிடம் ஓட்டினால், பயிர் வாடும் நேரத்தில் இன்ஜின் கைவிடாது.