முத்திரை எதற்குச் சாட்சி?

பிரான்சில் பாரிஸ் வட்டாரத்திலிருந்து புறப்பட்டு, மேற்குக் கடற்கரையிலுள்ள பிரெஸ்ட் நகரம் வரை சென்று திரும்பும் சைக்கிள் பயணம் ஒன்று உண்டு. 1891-இல் பந்தயமாகத் தொடங்கிய இது, இன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடைபெறுகிறது. முதற்பரிசு, இரண்டாம் பரிசு என்று எதுவும் கிடையாது. சுமார் 1,200 கிலோமீட்டரை அதிகபட்சம் 90 மணி நேரத்தில் முடிக்க வேண்டும். சாப்பாடு, தூக்கம், பஞ்சர் ஒட்டுதல் எல்லாம் அதற்குள் அடக்கம்.

ஆயிரக்கணக்கானோர் இரவும் பகலும் கிராமச் சாலைகளில் செல்கிறார்கள். அவர்கள் முழுத் தூரத்தையும் மிதித்தே கடந்தார்கள் என்பதை எப்படி அறிவது? ஒவ்வொருவர் கையிலும் ஓர் அட்டை இருக்கும். வழியிலுள்ள சோதனை நிலையங்களில் அதில் முத்திரை குத்தி, நேரத்தையும் குறிப்பார்கள்.

இந்த முத்திரை எதை நிரூபிக்கிறது? சற்றே சிந்தியுங்கள். இரு நிலையங்களுக்கு இடையே 60 கிலோமீட்டர் என்று கொள்வோம். ஒருவர் அதை ஒரு மணியில் கடந்திருந்தால் உடனே சந்தேகம் வரும். ஆனால் லாரியில் ஏறி வந்து, தேநீர்க் கடையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தால்? வேகம் மணிக்கு 20 கிலோமீட்டர். கணக்குச் சரியாகவே இருக்கும். அவர் அந்த இடத்தில் இருந்தார் என்பதற்குத்தான் முத்திரை சாட்சி. எப்படி வந்தார் என்பதற்கு அல்ல.

இது வெறும் கற்பனைப் பயமன்று. 1904-இல் நடந்த டூர் தி பிரான்ஸ் பந்தயத்தில் முதல் நான்கு இடங்களைப் பிடித்தவர்களும் விதிமீறலுக்காக நீக்கப்பட்டனர். முதலாவதாக வந்த மொரீஸ் காரன், 1901-இல் பாரிஸ்–பிரெஸ்ட் பந்தயத்தையே வென்றவர்!

இதற்கு எளிய மருந்து, ரகசியச் சோதனை நிலையம். அது எங்கே இருக்கும் என்று பயணிகளுக்கு முன்கூட்டிச் சொல்வதில்லை. திங்கட்கிழமை மட்டும் நோட்டுப் பார்க்கும் ஆசிரியரைவிட, எந்த நாளிலும் பார்க்கக்கூடிய ஆசிரியரிடம்தானே நாம் தினமும் வீட்டுப்பாடம் எழுதுகிறோம்?

"செயற்கைக்கோள் வழிகாட்டிக் கருவி இருக்கும்போது அட்டை எதற்கு?" என்று நீங்கள் கேட்கலாம். கருவி வழி முழுவதையும் பதிவு செய்யும் என்பது உண்மையே. ஆனால் அது காட்டுவது கருவி சென்ற பாதையை மட்டும். நண்பரின் சைக்கிளில் கட்டி அனுப்பினாலும் அது அதே கோட்டைத்தான் வரையும். இன்னொன்று, நள்ளிரவில் மின்கலம் தீர்ந்துவிட்டால் நேர்மையாக மிதித்தவரின் பதிவும் அறுந்துபோகும்.

எந்தச் சோதனையிலும் இரண்டு தவறுகள் நேரலாம். ஏமாற்றுபவரை ஏற்றுக்கொள்வது ஒன்று. நேர்மையானவரை நிராகரிப்பது மற்றொன்று. பரிசே இல்லாத பயணத்தில் இரண்டாவதுதான் பெரிய அநீதி என்பது என் கருத்து. ஆகவே ஒரே கருவியை நம்பி யாரையும் தள்ளிவிடக் கூடாது. முத்திரை, நேரம், ரகசிய நிலையம், கடை ரசீது, கருவிப் பதிவு ஆகியவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டும். ஒன்றையொன்று சாராத பல சாட்சிகள் ஒத்துப்போனால் நம்பிக்கை வலுப்படும். ஒன்று தவறினாலும் மற்றவை கைகொடுக்கும். அறிவியல் வழியும் இதுதான்.

அடுத்த முறை ஆய்வுக்கூடத்தில், ஊசலை ஆட்டிப் பார்க்காமலே பக்கத்து நண்பனின் அளவீட்டைப் பார்த்து எழுதத் தோன்றினால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். ஆசிரியரின் கையெழுத்து கிடைத்துவிடும். ஆனால் நீங்கள் லாரியில் வந்தவர் ஆகிவிடுவீர்கள், அல்லவா?