ஏற்றுமுன் இறக்கப் பழகுங்கள்



பாய்ப்படகுப் போட்டிகளின் படங்களைப் பார்த்திருப்பீர்கள். பின்காற்றில் ஓடும் படகின் முன்னால், வண்ணக் குடையொன்றைச் சாய்த்துப் பிடித்தாற்போல் பெரியதொரு பாய் புடைத்து நிற்கும். அதற்கு ஸ்பின்னக்கர் என்று பெயர். மெல்லிய நைலோன் துணியால் தைக்கப்படுவது. மற்றப் பாய்களைப் போல ஓரம் முழுவதும் கம்பத்திலோ கம்பியிலோ பொருத்தப்படுவதில்லை. மூன்று மூலைகளில் மட்டுமே அதற்குப் பிடிமானம். அதன் அழகும் அதனால்தான், ஆபத்தும் அதனால்தான்.

ஜே 24 என்ற சிறிய படகை எடுத்துக்கொள்வோம். அமெரிக்கரான ரொட் ஜோன்ஸ்டன் தமது வீட்டுக் கராஜில் கட்டிய படகொன்றே இதற்கு மூலம். 1977 முதல் விற்பனைக்கு வந்தது. உலகெங்கும் 5,000க்கும் மேற்பட்டவை கட்டப்பட்டுள்ளன. நீளம் 24 அடி. அடியில் ஈயப் பாரம். போட்டிகளில் பெரும்பாலும் ஐந்து பேர் ஓட்டுவார்கள். இதன் ஸ்பின்னக்கர், மற்ற இரு பாய்களையும் சேர்த்தாலும் அவற்றைவிடப் பெரியது!

வேலை கரையிலேயே தொடங்குகிறது. பாயின் உச்சியிலிருந்து இரண்டு ஓரங்களையும் கையால் தடவிக்கொண்டே போய், முறுக்கு இல்லை என்று உறுதி செய்து பையில் திணிக்க வேண்டும். மூன்று மூலைகளும் பையின் வாயில் வெளியே தெரிய வேண்டும். உச்சி மூலைக்கு ஏற்று கயிறு. கீழ் மூலைகளுக்கு ஆளுக்கொரு கயிறு. இக்கயிறுகள் கம்பத்தைத் தாங்கும் கம்பிகள் அனைத்துக்கும் வெளியே சுற்றிவர வேண்டும். ஒன்று உள்ளே போனாலும் பாய் சிக்கிவிடும்.

காற்று வரும் பக்கத்துக் கயிற்றை ஒரு நீண்ட கோல் தாங்கி நிற்கும். அதன் ஒரு நுனி கம்பத்தில். மறு நுனி கயிற்றில். காற்றுக்குக் குறுக்காக, செங்கோணத்தில் கோல் நின்றால் சரி. பாயின் இரு கீழ் மூலைகளும் ஒரே உயரத்தில் இருந்தால் கோலின் உயரமும் சரி.

முன்பாயின் மறைவில் ஸ்பின்னக்கரை விரைவாக ஏற்றுங்கள். அது புடைத்ததும் முன்பாயை இறக்கிவிடலாம். பிறகு மறுபக்கக் கயிற்றைப் பிடித்திருப்பவர் பாயின் ஓரத்திலிருந்து கண்ணை எடுக்கவே கூடாது. ஓரம் இலேசாகச் சுருளும்வரை கயிற்றைத் தளர்த்த வேண்டும். சுருண்டதும் சிறிது இழுக்க வேண்டும். இதுவே அவரது ஓயாத வேலை.

திடீரென்று பலத்த காற்று வீசினால்? சுக்கான் பிடிப்பவர் படகைக் காற்றோடு திருப்ப வேண்டும். கயிறு பிடிப்பவர் உடனே தளர்த்த வேண்டும். தாமதித்தால் படகு திமிறிக் காற்றை நோக்கித் திரும்பிப் பக்கவாட்டில் சரிந்துவிடும். ஈயப் பாரம் படகை மீண்டும் நிமிர்த்தும். ஆனால் கடலில் விழுந்தவரை யார் நிமிர்த்துவது? உயிர்காப்பு அங்கி உடலில் இருக்கட்டும்.

இங்கேதான் புதியவர்கள் ஒரு தவறு செய்கிறார்கள். கயிறு கைநழுவிப் போய்விடுமோ என்று பயந்து அதன் நுனியில் முடிச்சுப் போடுகிறார்கள். ஸ்பின்னக்கரின் கீழ்க் கயிறுகளில் அந்த முடிச்சு கூடாது! அடங்காத பாயிடமிருந்து தப்ப இறுதி வழி, கயிற்றை முழுவதுமாக ஓடவிடுவதுதான். முடிச்சு கப்பியில் மாட்டிக்கொண்டால் அந்த வழியும் அடைபடும்.

இறக்குவதற்கும் ஒழுங்கு உண்டு. முதலில் முன்பாயை ஏற்றுங்கள். பிறகு கோல் பக்கக் கயிற்றை விடுங்கள். பாய் காற்றை இழந்து, பெரிய பாயின் மறைவில் கொடிபோலப் படபடக்கும். ஒருவர் அதை அள்ளி உள்ளே எடுக்க, அந்த வேகத்துக்கு ஏற்ப மற்றவர் ஏற்று கயிற்றைத் தளர்த்த வேண்டும். அவசரப்பட்டால் பாய் கடலில் விழுந்து, மீன் வலைபோல நீரை அள்ளிப் படகையே நிறுத்திவிடும்.

ஆகவே, இளங்காற்றில் முதலில் இறக்கிப் பழகுங்கள். பத்துத் தடவை ஒழுங்காக இறக்கியவருக்கு ஏற்றுவதில் பயமிருக்காது. கடலில் மட்டுமா? கடன் வாங்கினாலும், புதுத் தொழில் தொடங்கினாலும், இறங்கும் வழியைத் தெரிந்துகொண்டு ஏறுபவரே நிம்மதியாகக் கரை சேர்கிறார்.