பெட்டிச் சாவி எங்கே?



"நல்ல நாளும் அதுவுமா சாவுப் பேச்சு எதுக்கு?" இந்த விஷயத்தை எடுத்ததுமே எந்த வீட்டிலும் முதலில் வருகிற பதில் இதுதான். அபசகுனம் என்று பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். ஆனால் பேசாமல் விட்ட வீடுகளில் என்ன நடக்கிறது என்பதை இந்தக் குந்தா மலையில் இருந்துகொண்டு நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். காரியம் முடிந்த கையோடு பீரோவைக் கவிழ்த்துப் போட்டு, எது ரசீது எது பத்திரம் என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பது பெரும்பாலும் பெண்கள்தான். பணம் இருந்திருக்கும்; அதற்குப் போகிற வழி தெரியாது. அதனால் இந்த இதழில் நம் வீட்டுத் தாள்களைப் பற்றிப் பேசுவோம்.

மஞ்சூர் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் ஒரு பெண்மணி. கணவருக்கும் அதே தோட்டத்தில்தான் வேலை, இருபது வருஷத்துக்கு மேல். ஒரு மழைக்காலத்தில் மாரடைப்பில் போய்விட்டார். பி.எஃப். பணம் வரும், பையனின் காலேஜ் ஃபீஸைக் கட்டிவிடலாம் என்று இருந்தார் அந்த அம்மாள். போய்ப் பார்த்தால், தோட்டத்துப் பேரேட்டில் அவர் கணவருக்கு வீட்டில் கூப்பிடும் பெயர். ஆதாரில் பள்ளிக்கூடப் பெயர். ரேஷன் கார்டில் இனிஷியலே வேறு. நாமினி என்ற இடத்தில் கல்யாணத்துக்கு முன்னால் எழுதிக் கொடுத்த தாயாரின் பெயர். அந்தத் தாயாரும் காலமாகி வருஷக்கணக்காகிறது.

"டீச்சரம்மா, அவருக்கு மூணு பேரு இருந்துச்சுங்கறதே அவர் போன பெறகுதாங்க எனக்குத் தெரியும்" என்றார்.

பணம் கடைசியில் வந்தது. ஆனால் எட்டு மாதம் கழித்து. அதற்குள் பையன் காலேஜை விட்டுவிட்டுத் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டான். அந்த எட்டு மாதத்தை யார் திருப்பித் தருவார்கள்?

முதல் வேலை: பெயர்

வீட்டிலுள்ள ஒவ்வொருவரின் ஆதார், ரேஷன் கார்டு, பாங்க் பாஸ்புக், பி.எஃப். கணக்கு, பட்டா எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெயர், இனிஷியல், பிறந்த தேதி மூன்றும் ஒன்றாக இருக்கிறதா? இல்லை என்றால் ஆள் இருக்கும்போதே திருத்துங்கள். உயிரோடு இருப்பவர் ஒரு கையெழுத்தில் முடிக்கிற வேலைக்கு, அவர் போன பிறகு அத்தனை தாலுகா ஆபீஸ் நடை நடக்க வேண்டும்.

இரண்டாவது: நாமினி

பி.எஃப். விதிப்படி கல்யாணத்துக்கு முன்னால் எழுதிக் கொடுத்த நியமனம், கல்யாணம் ஆனதும் செல்லாததாகிவிடுகிறது. புதிதாக எழுதிக் கொடுக்க வேண்டும். இது நிறைய ஆண்களுக்கே தெரியாது. இப்போது ஆதாரோடு இணைந்த யு.ஏ.என். நம்பர் இருந்தால் கம்ப்யூட்டரிலேயே செய்யலாம். பி.எஃப். வேறு, பணிக்கொடை வேறு. பணிக்கொடைக்கான நியமனத்தைத் தோட்டத்து ஆபீஸில் தனியாகக் கொடுக்க வேண்டும். வேலையில் இருக்கும்போதே ஒருவர் இறந்தால், பணிக்கொடைக்கு ஐந்து வருஷ சர்வீஸ் என்ற நிபந்தனையும் கிடையாது. பி.எஃப். பணத்தோடு, அதைச் சேர்ந்த இன்ஷூரன்ஸ் தொகையும் (உச்சவரம்பு 7 லட்சம்), மனைவிக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் பென்ஷனும் உண்டு. கேட்டு வாங்க வேண்டும்.

பாங்கில் ஒரு கணக்குக்கு ஒரே நாமினிதான் என்றிருந்தது. 2025 நவம்பர் 1 முதல் நான்கு பேர் வரை எழுதலாம். ஆனால் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். பாங்க் நாமினி என்றால் பணத்தை வாங்கி வைத்துக்கொள்பவர். அதனாலேயே பணம் அவருக்குச் சொந்தமாகிவிடாது. உரிமை வாரிசுகளுக்குத்தான். எல்.ஐ.சி. போன்ற ஆயுள் காப்பீட்டில் மட்டும், 2015-ல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, மனைவி, கணவன், பிள்ளைகள், பெற்றோரை நாமினியாகப் போட்டால் பணம் அவர்களுக்கே உரியது.

அன்றாடச் செலவுக்கு ஒரு சின்ன யோசனை. கணவன் மனைவி இருவரும் எடுக்கக்கூடிய கூட்டுக் கணக்கு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் போனாலும் மற்றவர் எடுக்கலாம். காரியச் செலவுக்கென்று இறந்தவரின் ஏ.டி.எம். கார்டைப் போட்டுப் பணம் எடுப்பது மட்டும் வேண்டாம். பின்னால் வாரிசுகளுக்குள் வழக்கு வந்தால் எடுத்தவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

பாஸ்புக்கை இன்னொரு தடவை புரட்டுங்கள். வருஷத்துக்கு ஒரு முறை 436 ரூபாய் பிடித்திருக்கிறதா? அது பிரதமர் ஆயுள் காப்பீடு. 20 ரூபாய் பிடித்திருந்தால் விபத்துக் காப்பீடு. இரண்டும் 2 லட்ச ரூபாய்த் திட்டங்கள். வீட்டுக்காரர் எப்போதோ கையெழுத்துப் போட்டிருப்பார், உங்களிடம் சொல்ல மறந்திருப்பார். பாஸ்புக்கின் அந்த ஒரு வரிதான் உங்களுக்குச் சாட்சி.

எது கிடைக்கும், எது கிடைக்காது

எல்லாத் தாளும் ஒன்றல்ல. ஆதாரும் ரேஷன் கார்டும் போனால் திரும்ப வாங்கலாம். பட்டாவைக் கம்ப்யூட்டர் சென்டரிலேயே எடுக்கலாம். பதிவான பத்திரத்துக்குச் சார்பதிவாளர் ஆபீஸில் நகல் கிடைக்கும். ஆனால் கைப்பட எழுதிய உயில், நகைக்கடன் சீட்டு, கைமாற்றுப் பத்திரம் போன்றவை போனால் பெரும் பாடு. இவற்றுக்குத்தான் பத்திரமான இடம் வேண்டும்.

நம் குந்தாப் பக்கம் இன்னும் ஒரு தாள் உண்டு. 1964 அக்டோபர் 30-ல் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி சிலோனிலிருந்து வந்த குடும்பங்கள் இந்த மலைத் தோட்டங்களில் எத்தனை! அவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968-ல் அரசுத் தேயிலைத் தோட்டமே தொடங்கியது. இன்றைக்கு டான்டீ என்கிறோமே, அதுதான். தாத்தா கொண்டு வந்த பழைய பாஸ்போர்ட்டும் தாயகம் திரும்பியோர் குடும்ப அட்டையும் இன்றும் பேரப்பிள்ளைகளுக்கு வேர் எங்கே என்று காட்டும் தாள்கள். பழைய காகிதம் என்று அடுப்புக்குப் போட்டுவிடாதீர்கள்.

ஹட்டிகளில் வேறு கதை. தேயிலை நிலம் இன்னும் தாத்தா பெயரில் கூட்டுப் பட்டாவாக இருக்கும். தாத்தாவின் இறப்புச் சான்றிதழே இருக்காது. மூன்று தலைமுறை வாரிசுகளைச் சேர்ப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். மூத்தவர்கள் ஞாபகத்தோடு இருக்கும்போதே யாருக்கு யார் பிள்ளை என்று ஒரு தாளில் வரிசையாக எழுதி வாங்குங்கள். வாரிசுச் சான்றிதழில் கட்டிக்கொடுத்த பெண்ணின் பெயரும் வர வேண்டும். விட்டுவிட்டால் பின்னால் அதுவே தகராறு. கூட்டுறவு டீ ஃபேக்டரியில் அங்கத்தினராக இருந்தால் அந்தப் பங்குக்கும் நாமினி கேட்டுப் பாருங்கள்.

ஈரமும் மண்சரிவும்

2019 ஆகஸ்டில் நம் பக்கத்து அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. 2009 நவம்பரில் மாவட்டத்தில் மண்சரிவில் நாற்பது பேருக்கு மேல் போனார்கள். 2024 ஜூலை 30-ல் பக்கத்து வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலை ஊர்களே அடித்துச் செல்லப்பட்டன. தப்பியவர்களுக்குத் தொலைந்த சான்றிதழ்களை மறுபடி கொடுக்க முகாம் போட வேண்டியிருந்தது. ராத்திரியில் மண் இறங்கினால் பீரோ திறக்க நேரம் ஏது? அசல் தாள்களெல்லாம் ஒரே ஜிப் வைத்த பிளாஸ்டிக் கவரில், அது ஒரு பையில், பை கதவோரத்தில், கைக்கு எட்டும்படி இருக்கட்டும். கவரில் ரத்தப் பிரிவு, சாப்பிடும் மாத்திரைகள், ஒத்துக்கொள்ளாத மருந்து, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை நகல் ஆகியவையும் சேரட்டும். ஆஸ்பத்திரிக்கு ஓடும்போதும் இதே பைதான்.

இந்த மலையில் மழையைவிட ஈரம் பெரிய எதிரி. டிரங்குப் பெட்டி துருப்பிடிக்கும். சுவரை ஒட்டி வைத்த தாளில் பூஞ்சணம் பூக்கும். ஜனவரி, பிப்ரவரியில் பனி விலகி நல்ல வெயில் அடிக்கும் நாளில் எல்லாவற்றையும் எடுத்து நிழலில் ஆற வைத்து, துடைத்து, திரும்ப மூடுங்கள். பத்திரத்தை லேமினேஷன் பண்ண வேண்டாம். பின்னால் பிரித்தெடுக்கவும் முடியாது, முத்திரையைச் சரிபார்க்கவும் முடியாது.

யாரிடம் சொல்வது

பத்திரமாக வைப்பது பாதி வேலைதான். இருக்கும் இடம் ஒருவருக்கும் தெரியாவிட்டால் இருந்தும் இல்லாததுதான். இரண்டு பேருக்குத் தெரிய வேண்டும். ஒருவர் வீட்டுக்குள். இன்னொருவர் மலைக்குக் கீழே, காரமடையிலோ கோயமுத்தூரிலோ இருக்கும் மகளோ தம்பியோ. பாதை அடைபட்டாலும் ஒரு நகல் வெளியே இருக்கும். ஒரே பக்கத்தில் இதையெல்லாம் எழுதிக் கொடுங்கள்: எந்த பாங்க், எந்த போஸ்டாபீஸ், எந்த பாலிசி, நகை எங்கே அடகு, யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும், யாரிடமிருந்து வர வேண்டும், குழுக் கடன் எவ்வளவு பாக்கி.

அந்தப் பக்கத்தில் ஏ.டி.எம். ரகசிய நம்பரை எழுதாதீர்கள். ஓ.டி.பி.யைப் பெற்ற பிள்ளை என்று சொல்லிக்கொண்டு போனில் கேட்டாலும் கொடுக்காதீர்கள். ஆதாரைப் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுவது, வீட்டுக் கதவைத் திறந்து வைத்துவிட்டுத் தூங்குவதற்குச் சமம். ஜெராக்ஸ் கடையில் போனிலிருந்து அனுப்பிப் பிரிண்ட் எடுத்தால், அவர்கள் கம்ப்யூட்டரிலிருந்து அழித்ததைப் பார்த்துவிட்டு வாருங்கள். அரசாங்கத்தின் டிஜிலாக்கரில் ஆதார், மார்க் ஷீட் போன்றவற்றைச் சேர்த்து வைக்கலாம். அங்கிருந்து காட்டுவது அசலுக்குச் சமம். போனின் பூட்டு நம்பரை மட்டும் ஒட்டிய கவரில் போட்டு, நம்பிக்கையான ஒருவரிடம் கொடுங்கள்.

உயில் எழுத முத்திரைத்தாள் வேண்டியதில்லை, பதிவும் கட்டாயமில்லை. இரண்டு சாட்சிகள் கையெழுத்து அவசியம். வீட்டில் வைக்க பயமாக இருந்தால் சீல் வைத்த கவரில் மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைத்து வைக்கச் சட்டத்தில் இடம் உண்டு.

அந்த நாள் வந்துவிட்டால்

இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். சான்றிதழில் பெயர் ஆதாரில் உள்ளபடியே, எழுத்துப் பிசகாமல் வரவேண்டும். அங்கேயே நின்று படித்துப் பாருங்கள். நாலைந்து பிரதி வாங்குங்கள். அடுத்தது தாலுகா ஆபீஸ் வாரிசுச் சான்றிதழ். பிறகு பாங்க், பி.எஃப்., காப்பீடு. எங்கே எதைக் கொடுத்தாலும் ஒரு நகலில் "பெற்றுக்கொண்டேன்" என்று தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். இது வெட்கப்பட வேண்டிய விஷயமில்லை.

வரும் ஞாயிறு மத்தியானம், சாப்பாடு ஆனதும், பெட்டியை இறக்கச் சொல்லுங்கள். "இப்ப எதுக்கு?" என்று வீட்டுக்காரர் கேட்டால், "பூஞ்சணம் பிடிச்சிருக்கான்னு பாக்கத்தாங்க" என்று சொன்னால் போதும். தாள்களை விரித்ததும் அவரே உட்கார்ந்து, எது எதற்கு என்று சொல்ல ஆரம்பிப்பார். நீங்கள் பக்கத்தில் ஒரு நோட்டும் பேனாவும் வைத்துக்கொள்ளுங்கள்.