கோபுரம் இல்லாத ஸ்ரீரங்கம்

வெளியூரிலிருந்து வரும் நண்பர்கள் பெருமாளைச் சேவித்துவிட்டுப் பிரசாதக் கடைப் புளியோதரையை முடித்த கையோடு கேட்கும் அடுத்த கேள்வி, “ரங்கு கடை எங்கே இருந்தது?” சுஜாதாவின் ‘ஸ்ரீரங்கத்து தேவதைகள்’ கதைகள் செய்த வேலை இது. கீழச் சித்திரை வீதிக்குக் கூட்டிப்போவேன். தேர் இருக்கிறது. மற்றபடி செல்போன் கடை, தங்கும் விடுதி, வரிசையாக டூவீலர். முகம் தொங்கிவிடும். “படிக்கும்போது அப்படியே கண்ணு முன்னால தெரிஞ்சுதே!” என்பார்கள். அந்தக் கடைக்குப் பலகைக் கதவா, என்ன பெயிண்ட், வாசலில் எத்தனை படி என்று கேட்டுப் பாருங்கள். ஒருவருக்கும் சொல்லத் தெரியாது. அங்கே உட்கார்ந்து ஊர்வம்பு பேசியவர்களின் குரல் மட்டும் பிசகாமல் நினைவிருக்கும்.

சுஜாதாவின் வர்ணனையைப் பற்றி நம் ஊரில் நிறையப் புகழ்ச்சி உண்டு. அவர் வர்ணித்தது மிகக் குறைவு என்பது என் கட்சி. 156 ஏக்கர் கோயில், ஏழு பிராகாரம், 21 கோபுரம். இத்தனைக்கும் நடுவே பாட்டி வீட்டில் வளர்ந்த பையன். அந்தக் கதைகளில் கோபுர அழகைச் சொல்ல அவர் எங்கேயும் மூச்சு வாங்கி நிற்பதில்லை. தெற்கே இன்று 13 நிலைகளோடு 236 அடி உயரத்துக்கு நிற்கும் ராஜகோபுரம் அவருடைய பால்யத்தில் மொட்டைக் கோபுரம்; முழுதாக எழுந்தது 1987இல்தான். ஆனால் காரணம் அதுவல்ல. ஸ்ரீரங்கத்துக்காரனுக்குக் கோபுரம் ஒரு காட்சியே இல்லை. வழி சொல்ல அது ஓர் அடையாளம், அவ்வளவுதான். நிமிர்ந்து பார்த்து வாய் பிளப்பவர் வெளியூர். அந்த வீதியின் பையனுக்கு எந்தத் திண்ணையில் யார் உட்கார்ந்திருக்கிறார், யார் வீட்டு வாசலைத் தாண்டும்போது வேகமாக நடக்க வேண்டும் என்பதுதான் தெரியும். எதைப் பார்க்கிறான் என்பதிலேயே பார்ப்பவன் யாரென்று சொல்லிவிடுகிறார். பையனை அறிமுகம் செய்யத் தனியாக ஒரு பத்தி அவருக்குத் தேவைப்படவில்லை.

இதே கையை ‘நகரம்’ கதையிலும் பார்க்கலாம். பாண்டியர் தலைநகர் என்ற பழம்பெருமையை முகப்பில் ஒரு மேற்கோளாக வைத்துவிட்டு, மீனாட்சி கோயில் பக்கமே போகாமல், மதுரையின் சுவரொட்டிகளுக்குத் தாவிவிடுவார். முதல் வாசிப்பில் அது நையாண்டி மாதிரிதான் இருக்கும். கதை முடிந்தபின் திரும்பிப் போய்ப் பாருங்கள். மூனாண்டிப்பட்டியிலிருந்து காய்ச்சலில் கிடக்கும் பாப்பாத்தியைத் தூக்கிக்கொண்டு வந்த வள்ளியம்மாளை அலைக்கழிப்பது யார்? தனியாக வில்லன் என்று ஒருவனும் இல்லை. சீட்டு, அறை எண், பதிவேடு, ‘நாளைக் காலை வா’. பெரிய டாக்டர்கூட நல்லவர்தான். உடனே சேர்க்கச் சொல்கிறார். அவர் சொல்லுக்கும் கட்டிலுக்கும் நடுவே கிடக்கும் காகிதத்தைத்தான் அவளால் தாண்ட முடியவில்லை. ஊர் முழுக்க எழுத்து. அவளுக்கு உதவ அதில் ஓர் எழுத்து இல்லை. முதல் பக்கத்துச் சுவரொட்டிகள் எதற்கு வந்தன என்று அப்போது தெரியும்.

கதைக்குள் இப்படி வந்து உட்காரும் விவரங்களைப் பற்றிப் பிரெஞ்சு விமரிசகர் ரோலான் பார்த் 1968இல் ஒரு கட்டுரை எழுதினார். ஃப்ளோபேரின் கதை ஒன்றில் ஒரு வீட்டுக் கூடம். அதில் பழைய பியானோ, அதற்கு மேலே ஒரு பாரமானி. பியானோ இருந்தால் வசதியான வீடு என்று புரிகிறது. பாரமானிக்கு அங்கே என்ன வேலை? கதைக்கு அது ஒன்றும் செய்யவில்லை. ‘இது நிஜம்’ என்று சாட்சி சொல்ல மட்டும் தொங்குகிறது என்பது பார்த்தின் பதில். எனக்கு அந்தக் கட்டுரை பிடிக்கும், முழுதாக ஒப்புக்கொண்டதில்லை. சுஜாதா கதைகளிலும் இத்தகைய பாரமானிகள் ஏராளம்: பிராண்டுப் பெயர்கள், பஸ், வாட்ச், சினிமாப் பாட்டு. அவை சாட்சி சொல்வதோடு நிற்பதில்லை, வாசகனைப் பார்த்து ‘நீயும் அந்தக் காலம்தானே?’ என்று கண்ணடிக்கவும் செய்கின்றன. வாரப் பத்திரிகை வாசகனோடு அப்படி ஒரு சிநேகம் அவருக்கு.

அவர் எஞ்சினியர், அதனால் சிக்கனம் என்பார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, அவ்வளவே. பாரத் எலெக்ட்ரானிக்ஸில் வேலை பார்த்தவர்கள் எல்லோரும் சுஜாதா ஆகிவிடவில்லை. நான் வேறு இடத்தில் தேடுவேன். 13ஆம் நூற்றாண்டில் நம்பிள்ளை இதே ஸ்ரீரங்கத்தில் திருவாய்மொழிக்குப் பொருள் சொல்ல, கேட்டதையெல்லாம் வடக்குத் திருவீதிப் பிள்ளை ஏட்டில் எழுதிவைத்தது ஈடு முப்பத்தாறாயிரப்படி. தத்துவ நூல் என்று பயந்துகொண்டு திறந்தால், நடுநடுவே ஊர்க்கதை! முந்தைய ஆசாரியர்களில் எம்பார் இப்படிச் சொன்னார், பட்டரிடம் ஒருவர் இப்படிக் கேட்டார் என்று துண்டு துண்டாக நிகழ்ச்சிகள். ஒரு பதத்துக்குப் பொருள் சொல்ல வேண்டுமானால் ஒரு மனிதரைக் கொண்டுவந்து நிறுத்திவிடுவார்கள். அவர் உயரம், நிறம் எதுவும் கிடையாது; என்ன செய்தார், என்ன சொன்னார், அது போதும். ஆழ்வார்களுக்கு எளிய அறிமுகம் எழுதிய சுஜாதாவின் காதில் சின்ன வயதிலேயே இது விழுந்திருக்காதா? நிரூபிக்க முடியாது. ஆனால் ரங்கு கடைப் பேச்சுக்கும் அந்த வியாக்கியானக் கதைகளுக்கும் ஒரே வீட்டு ஜாடை.

கதை எழுதும் கல்லூரிப் பிள்ளைகள் சிலர் என்னிடம் கொண்டுவந்து காட்டுவதுண்டு. ஒரு பெண்ணின் கதை: ஸ்ரீரங்கத்திலிருந்து மகளை ஹாஸ்டலில் சேர்க்க அப்பா டவுன் பஸ்ஸில் சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிப்போகிறார். தொடக்கத்தில் அரைப் பக்கத்துக்குக் காவிரியில் சூரியோதயம். தங்கம், வெள்ளி, பட்டாடை என்று ஒரு ஜவுளிக்கடையே இருந்தது. கொட்டாவியை அடக்கிக்கொண்டு படித்தேன். நடுவில், அவளே கவனிக்காமல் எழுதிய இரண்டு வரி. மகளுக்குக் கட்டணமில்லாத மகளிர் டிக்கெட், அப்பாவுக்குக் காசு டிக்கெட். கண்டக்டர் அவளுடையதை அவளிடம்தான் நீட்டுகிறார். அப்பா அதை வாங்கி, தன் டிக்கெட்டோடு சேர்த்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்கிறார். இத்தனை வருஷமும் அவர்தானே வைத்திருந்தார்.

“இது போதும்மா, சூரியனை எடுத்துடு” என்றேன்.

“காவிரி இல்லாம திருச்சிக் கதையா சார்?” என்றாள்.

நியாயமான கேள்விதான். பாலம் வந்ததும் நம் பஸ்ஸில் என்ன நடக்கும் என்று யோசித்துப் பார்க்கச் சொன்னேன். ஜூனில் மேட்டூர் அணை திறந்த சேதி வந்துவிட்டால், பாலத்தில் ஏறியதும் பாதி பஸ் ஜன்னல் பக்கம் சாயும். செல்போனில் இருப்பவர்கூட “தண்ணி வந்துடுச்சா?” என்று எட்டிப் பார்ப்பார். மணல்தான் தெரிகிறது என்றால் பேசாமல் செல்போனுக்குத் திரும்பிவிடுவார். அந்த அப்பாவும் எட்டிப் பார்க்கட்டும், காவிரி தானாக வந்துவிடும். அவள் மாற்றி எழுதினாள். சூரியனை முழுக்க எடுக்க மனசு வரவில்லை போலிருக்கிறது, ஒரு வரி மிச்சம் வைத்திருந்தாள். போகட்டும்.

குறைவாகச் சொல்வதுதான் உசத்தி என்று இதை வைத்து யாரும் கிளம்பிவிட வேண்டாம். தி. ஜானகிராமன் பக்கம் பக்கமாகக் காவிரியைச் சொல்வார், ஒரு வரியை எடுக்க விடமாட்டேன். திருச்சி நேஷனல் ஹைஸ்கூல் மாணவரான கல்கி, ‘பொன்னியின் செல்வன்’ தொடங்கும்போது வீராணம் ஏரியையும் ஆடிப்பெருக்கையும் சாவகாசமாகக் காட்டுவார். வந்தியத்தேவன் ஊருக்குப் புதியவன், குதிரைமேல் இருக்கிறான், வேடிக்கை பார்க்கிறான். அவன் பார்ப்பதில் தவறில்லை.

சுஜாதாவின் கை எங்கே நழுவுகிறது என்றால், பெண்களிடம்தான். கணேஷ்–வசந்த் துப்பறியும் கதைகளில் ஒரு பெண் உள்ளே வந்தால் அவள் பனியன் வாசகம் முதலில் வரும், அவள் பின்னால் வருவாள். பாட்டியை அவ்வளவு துல்லியமாகக் கேட்ட காது, இளம்பெண் வந்ததும் வெறும் கண்ணாகிவிடும். வசந்தின் பார்வை அது என்று சமாதானம் சொல்லலாம். எத்தனை நாவலுக்குச் சொல்வது? இன்னொன்று, அவருடைய ஸ்ரீரங்கம் பெரும்பாலும் சித்திரை வீதிகளோடு முடிந்துவிடுகிறது. வெளிச்சுற்றான அடையவளைந்தான் வீதியைத் தாண்டிப் பூக்கட்டுகிறவர்களும் தோட்டக்காரர்களும் இருக்கும் தீவு அந்தப் பையன் கண்ணில் அதிகம் படவில்லை. அவனைச் சொல்லிக் குற்றமில்லை, ஆனால் படவில்லை.

அந்தப் பையன் பார்க்காததைப் பார்க்க இதே திருச்சி மாவட்டத்தில் துவரங்குறிச்சிக்குப் போக வேண்டும். சல்மாவின் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ 2004இல் வந்தது. திண்ணைக்கும் கடைக்கும் அங்கே வழியே இல்லை. முஸ்லிம் வீடுகளின் உள்ளறைகள், அடுப்படி, பெண்கள் மட்டும் இருக்கும்போது வெளிவரும் பேச்சு. யார் யார் வீட்டில் என்ன சமையல், யார் என்ன உடுத்தினாள் என்று நிதானமாக, நீளமாகப் போகும். சுஜாதா பழக்கத்தில் சில நண்பர்கள் இருபதாம் பக்கத்திலேயே பொறுமையிழந்து, “இவ்வளவு விவரம் எதுக்கு சார்?” என்று என்னிடம் கேட்டதுண்டு. வீட்டை விட்டு வெளியே போக முடியாதவளுக்கு வீட்டுக்குள் இருப்பதுதானே ஊர், அதை எப்படிச் சுருக்குவாள் என்று திருப்பிக் கேட்டேன். ஒருவர் மட்டும் மறுபடி எடுத்துப் படித்தார்.