படம் ஓடுகிறது... சத்தம் எங்கே?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-ஐ ஏற்காத பழைய டெஸ்க்டாப்கள் இன்னும் பல வீடுகளில் இருக்கின்றன. அவற்றை எடைக்குப் போட மனம் வராதவர்கள் லினக்ஸ் மின்ட், உபுண்டு போன்ற இலவச இயங்குதளங்களுக்கு மாறுகிறார்கள். மாறியதும் கம்ப்யூட்டர் சுறுசுறுப்பாகிவிடும். இன்டர்நெட் வரும், பிரின்டர் ஓடும். யூடியூபில் பாட்டு போட்டால் மட்டும் பாடகரின் உதடு அசையும், சத்தம் வராது.

உடனே வீட்டில் இரண்டு தீர்ப்புகள் வரும். ஒன்று, "லினக்ஸ்னாலே இப்படித்தான்." இன்னொன்று, "மதர்போர்டு போயிடுச்சு." முதல் தீர்ப்பை நம்புகிறவர்கள், பாதுகாப்பு அப்டேட் வராத பழைய விண்டோஸுக்கே திரும்பிவிடுகிறார்கள். இரண்டாவதை நம்பினால் நல்ல கம்ப்யூட்டர் பரணுக்குப் போய்விடும். பெரும்பாலும் இரண்டுமே தவறு. சத்தம் வந்துகொண்டுதான் இருக்கும். ஸ்பீக்கர் இல்லாத பக்கமாகப் போய்க்கொண்டிருக்கும், அல்லது வழியில் எங்கோ அடைபட்டிருக்கும்.

மொட்டை மாடித் தொட்டியிலிருந்து குழாய்க்குத் தண்ணீர் வருவதைப் போலத்தான் இதுவும். நடுவில் ஒரு வால்வு மூடியிருந்தாலும் குழாயில் சொட்டு வராது. அதற்காக யாரும் மோட்டாரை மாற்றுவதில்லை. குழாயில் ஆரம்பித்து ஒவ்வொரு வால்வாக மேலே பார்த்துக்கொண்டு போவார்கள். இங்கும் அதே வரிசைதான்.

1. வயரைப் பாருங்கள்

சின்ன ஸ்பீக்கர்களில் பெரும்பாலும் இரண்டு வயர்கள் இருக்கும். யு.எஸ்.பி. முனை கொண்டது கரன்ட்டுக்கு, வட்டமான 3.5 மி.மீ. பின் உள்ளதுதான் சத்தத்துக்கு. யு.எஸ்.பி.யை மட்டும் செருகினால் ஸ்பீக்கரில் விளக்கு எரியும், பாட்டு வராது.

வட்ட பின்னை கம்ப்யூட்டரின் பின்பக்கம் பச்சை நிறத் துளையில் செருக வேண்டும். இளஞ்சிவப்பு மைக்குக்கானது. முன்பக்கத் துளையை நம்ப வேண்டாம். கேபினெட்டுக்குள் அதன் வயர் மதர்போர்டில் இணைக்கப்படாமலே விடப்பட்டிருக்கலாம். முடிந்தால் அந்த ஸ்பீக்கரை ஒரு செல்போனில் செருகிப் பாருங்கள். அங்கே பாடினால் ஸ்பீக்கர் நல்லபடியாக இருக்கிறது.

2. சத்தம் எந்தப் பக்கம் போகிறது?

மிக அடிக்கடி நடக்கும் கோளாறு இதுதான். ஹெச்டிஎம்ஐ கேபிள் படத்தை மட்டுமல்ல, ஒலியையும் கொண்டு போகும். மானிட்டரை அந்தக் கேபிளில் இணைத்திருந்தால், மானிட்டரையும் ஒரு ஸ்பீக்கராகவே லினக்ஸ் எண்ணிக்கொள்ளும். பாட்டு அங்கே போய்விடும். பல மானிட்டர்களில் ஸ்பீக்கரே கிடையாது.

செட்டிங்ஸில் சவுண்ட் பகுதியைத் திறந்து, அவுட்புட் பட்டியலைப் பாருங்கள். ஹெச்டிஎம்ஐ அல்லது டிஸ்ப்ளே போர்ட் தேர்வாகியிருந்தால், லைன் அவுட், ஹெட்போன் அல்லது பில்ட்-இன் ஆடியோ என்று இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். பக்கத்தில் இருக்கும் டெஸ்ட் பட்டனை அழுத்தினால் உடனே தெரிந்துவிடும். பல வீடுகளில் கதை இதோடு முடிந்துவிடும்.

டெஸ்ட் ஒலி கேட்கிறது, ஆனால் யூடியூபில் மட்டும் சத்தம் இல்லையா? பிரவுசரில் அந்த டேப் மியூட் ஆகியிருக்கலாம். சவுண்ட் பகுதியிலேயே ஒவ்வொரு செயலிக்கும் தனி வால்யூம் இருக்கும். அதையும் பாருங்கள்.

3. உள்ளே ஒரு பூட்டு

மேலே வால்யூம் நூறு காட்டும். உள்ளே சவுண்ட் சிப்பின் வால்வு மூடியிருக்கும். அதைத் திறக்க கன்ட்ரோல், ஆல்ட், டி மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் டெர்மினல் வரும். அதில் ஆல்சாமிக்ஸர் என்று ஆங்கிலத்தில் டைப் செய்யுங்கள். ஏ, எல், எஸ், ஏ ஆகிய நான்கு எழுத்துகளோடு மிக்ஸர் என்ற ஆங்கிலச் சொல். இடைவெளி கூடாது, எல்லாம் சிறிய எழுத்தில். பிறகு என்டர்.

அடுத்து எஃப்6 விசையை அழுத்தி, உங்கள் சவுண்ட் கார்டைத் தேர்ந்தெடுங்கள். வரிசையாகக் குழாய் மாதிரி கட்டங்கள் தெரியும். அடியில் 'எம்எம்' என்று இருந்தால் அது மியூட். அம்புக்குறியால் அங்கே போய் எம் விசையை அழுத்தினால் 'ஓஓ' என்று மாறும். திறந்துவிட்டது என்று அர்த்தம். மாஸ்டர், ஃப்ரன்ட், ஹெட்போன், பிசிஎம் நான்கும் திறந்திருக்கிறதா, அளவு ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். மேல் அம்புக்குறி அளவை ஏற்றும்.

வலது ஓரத்தில் ஆட்டோ மியூட் என்று ஒன்று இருந்தால் கவனியுங்கள். ஹெட்போன் செருகியிருப்பதாக அது நினைத்துக்கொண்டு ஸ்பீக்கரை அடைத்துவிடும். டிசேபிள் செய்து பார்க்கலாம். வெளியே வர எஸ்கேப்.

4. டம்மி அவுட்புட் என்று வந்தால்

அவுட்புட் பட்டியலில் டம்மி அவுட்புட் மட்டும் இருந்தால், சவுண்ட் கார்டு இருப்பதே லினக்ஸுக்குத் தெரியவில்லை என்று அர்த்தம். முதலில் கம்ப்யூட்டரை முழுதாக அணைத்து, கரன்ட் வயரைப் பிடுங்கி, ஒரு நிமிடம் கழித்துப் போடுங்கள். சரியாகாவிட்டால் அப்டேட்களை எல்லாம் போட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். அப்போதும் வராவிட்டால், பயாஸில் ஆன்போர்டு ஆடியோ அணைக்கப்பட்டிருக்கிறதா என்று தெரிந்தவரை வைத்துப் பார்க்கலாம்.

இதைச் செய்ய வேண்டாம்

இன்டர்நெட்டில் கிடைக்கும் பழைய குறிப்புகளில், பல்ஸ்ஆடியோவை நீக்கிவிட்டு மறுபடி போடச் சொல்வார்கள். உபுண்டு 22.10 முதலும், 2024-ல் வந்த லினக்ஸ் மின்ட் 22 முதலும் ஒலியைக் கையாள்வது பைப்வயர் என்ற வேறு மென்பொருள். பழைய வைத்தியத்தைப் புதியதற்குச் செய்தால், சத்தத்தோடு டெஸ்க்டாப்பின் மற்ற பகுதிகளும் சேர்ந்து நீங்கிவிடலாம். குறிப்பு எந்தப் பதிப்புக்கானது என்று பார்க்காமல் எதையும் டெர்மினலில் ஒட்ட வேண்டாம்.

யாருக்கு இது அவசரம்?

பாட்டு கேட்க முடியாவிட்டால் ஒரு நாள் பொறுக்கலாம். பார்வை இல்லாதவர்கள் லினக்ஸில் ஆர்கா என்ற திரை வாசிப்பான் மூலம்தான் கம்ப்யூட்டரை இயக்குகிறார்கள். அவர்களுக்குச் சத்தம் போனால் திரையே போன மாதிரி. செட்டிங்ஸைத் திறந்து பார்க்கவும் வழியில்லை. அப்படி ஒருவர் வீட்டில் இருந்தால், ஒரு யு.எஸ்.பி. சவுண்ட் கார்டை வாங்கி வைப்பது நல்லது. சில நூறு ரூபாய்க்கே கிடைக்கும். பெரும்பாலானவற்றுக்கு டிரைவர் எதுவும் தேவையில்லை. மதர்போர்டின் சவுண்ட் சிப் உண்மையிலேயே பழுதாகியிருந்தால்கூட, முழு போர்டையும் மாற்றாமல் இந்தச் சின்னக் கருவியே போதும்.

கடைக்குப் போகும் முன்

லினக்ஸ் போட்ட பென்டிரைவ் இருக்கிறதா? அதைச் செருகி, இன்ஸ்டால் செய்யாமல் அதிலிருந்தே கம்ப்யூட்டரை இயக்கி, அவுட்புட்டை மேலே சொன்னபடி தேர்ந்தெடுத்து டெஸ்ட் ஒலியைப் போடுங்கள். கேட்டால் மதர்போர்டுக்கு ஒன்றுமில்லை, கோளாறு செட்டிங்ஸில்தான். கேட்காவிட்டால், எதையெல்லாம் செய்து பார்த்தீர்கள் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொண்டுபோங்கள். பச்சைத் துளையில் செருகியாயிற்று, ஹெச்டிஎம்ஐ இல்லை, பென்டிரைவிலும் வரவில்லை என்று நீங்கள் சொன்னால், மெக்கானிக்குக்குப் பாதி வேலை மிச்சம். உங்களுக்கும் செலவு மிச்சம்.